அபராதச் சீட்டு வீடு தேடி வருகிறது, ரீகால் கடிதம் மட்டும் ஏன் வரவில்லை?

புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் தீமிதிக்குப் போக, அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து காரில் கிளம்பினேன். மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டி என்3 நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது இன்ஜின் அப்படியே நின்றுபோனது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி நெருங்கி வருகிறது. எப்படி ஓரம் கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. "மாரியம்மா, மாரியம்மா" என்று அம்மா கத்தியதும், சின்னவள் அழுததும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் போய்விட்டது என்றார் மெக்கானிக். பழைய கார்தானே, தேய்ந்திருக்கும் என்று நானும் விட்டிருப்பேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான், "காரின் அடையாள நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாரு தம்பி" என்றார். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற, வருடா வருடம் புதுப்பிக்கும் உரிம வில்லையான லைசென்ஸ் டிஸ்கிலேயே அந்த 17 எழுத்து எண் இருக்கிறது. போட்டேன். பெட்ரோல் பம்புக்கு ரீகால், அதாவது கோளாறு இருக்கிறது, காரைக் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்ற கம்பெனி அறிவிப்பு! அதுவும் நான் கார் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்பே அறிவித்தது.

ஏழு மாதம்! விற்ற கடைக்காரர் இதே எண்ணை ஒரு நிமிடம் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாலிஷ் போட நேரம் இருந்தது, சீட்டுக்கு வாசனை அடிக்க நேரம் இருந்தது, இதற்கு மட்டும் நேரம் இல்லையா? பெயர் மாற்ற, கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனைக்கும் போனோம். பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்தார்கள். ரீகால் பாக்கி இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கம்பெனியைக் கேட்டால், "கடிதம் அனுப்பினோமே" என்கிறார்கள். யாருக்கு? முதலில் வாங்கியவருக்கு! அவர் காரை விற்றுவிட்டு எங்கே இருக்கிறாரோ.

ஆனால் ஸ்பீட் கேமரா அபராதம் என் வீட்டுக்குச் சரியாக வருகிறது. டிஸ்க் புதுப்பிக்கும் நினைவூட்டலும் வருடா வருடம் தவறுவதில்லை. கார் இப்போது யார் கையில் இருக்கிறது என்று அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது. பணம் வாங்க அது உதவும், உயிரைக் காப்பாற்ற உதவாதா?

இது புதுக் கோளாறும் இல்லை. டென்சோ என்ற உதிரிபாகக் கம்பெனி செய்த பம்புகளுக்காக 2020-இல் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2023 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 25 லட்சம் கார்களை அழைத்தது. டேங்குக்குள் இருக்கும் அந்தப் பம்பில் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி ஊதிப்போகும், உறையில் உரசும், அப்புறம் பம்ப் நின்றுவிடும். என் கார் அந்த இரண்டு கம்பெனியும் இல்லை, ஆனால் பெட்ரோல் போகாவிட்டால் எந்த இன்ஜினும் நடுரோட்டில்தான் நிற்கும். நம் நாட்டிலேயே ஃபோர்ட் கம்பெனியின் கூகா கார் கதை மறந்துவிட்டதா? அது இன்ஜின் சூடேறித் தீப்பிடித்த கோளாறு. 2017 ஜனவரியில் 4,556 கார்களை அழைத்தார்கள், அதற்குள் டஜன் கணக்கில் எரிந்துவிட்டன.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆபத்தான பொருளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட, 60-ஆவது பிரிவு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அறிவித்தால் மட்டும் போதுமா? பழுது பார்க்காத கார் கைமாறக் கூடாது என்று ரோட்வொர்த்தி சோதனையிலேயே சேர்க்க வேண்டாமா? டிஸ்க் நினைவூட்டலில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

இழுவை வண்டிக்கு 1,800 ரேண்ட் என் கையிலிருந்து போனது. பம்பை இலவசமாக மாற்றித் தருவார்களாம், ஆனால் பாகம் வர ஆறு வாரம் ஆகுமாம். "அதுவரை காரை ஓட்டலாமா?" என்று கேட்டேன். "ஓட்டலாம், நெடுஞ்சாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்" என்றார் கவுன்டரில் இருந்தவர், கணினியிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல். அவருடைய அம்மாவை அந்தக் காரில் ஏற்றி அனுப்புவாரா?