கூலர் ஓடும்போது ஜன்னலை மூடலாமா?

"கூலரைப் போட்டுக் கதவு, ஜன்னலை இறுக்க மூடுங்கள், ஏசி மாதிரி குளிரும், கரண்ட் பில்லும் குறையும்." தில்லி மயூர் விஹார் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். கூலரோ வெளிக்காற்றை நனைந்த புல் பேட் வழியே இழுக்கிறது; தண்ணீர் ஆவியாகச் சூடு குறைகிறது, ஈரம் ஏறுகிறது. அந்த ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் தலையணை உறைகூடப் பிசுபிசுக்கும், வியர்வை காயாது. கூலரை ஜன்னலுக்கு வெளியே வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு சாண் திறந்து விடுங்கள். மே மாத லூ என்கிற வறண்ட அனல் காற்றுக்கு அருமை. ஜூலை மழைப் புழுக்கத்தில் இதுவும் பெரிதாக எடுபடாது. அப்போது ஃபேனே மேல்.

பில் குறையும் என்பது மட்டும் நிஜம்: 1.5 டன் ஏசி சுமார் 1500 வாட், வீட்டுக் கூலர் சுமார் 200. ஜன்னலை மூடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.