பிராக்கில் ஒரே நாள்தானா? மலை மேலிருந்து இறங்கி வாருங்கள்

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கை ஒரே நாளில் பார்க்க வருபவர்கள் பலரும் பத்து மணிக்கு வானியல் கடிகாரத்தின் முன்னால் போய் நிற்கிறார்கள். நண்பகலில் சார்லஸ் பாலத்து நெரிசலில் நசுங்கிவிட்டு, உச்சி வெயிலில் கோட்டைக்குப் படியேறுகிறார்கள். மூன்று மணிக்குள் கால் ஓய்ந்துவிடும். கருங்கல் பாவிய தெரு வேறு. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

கோடையென்றால் காலை ஆறரைக்கெல்லாம் பாலத்தில் இருக்க வேண்டும். 516 மீட்டர் நீளம், 30 சிலைகள் (பெரும்பாலானவை நகல்கள்). 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், 5:31 மணிக்குப் பேரரசர் நான்காம் சார்லஸ் அடிக்கல் வைத்ததாகச் சொல்வார்கள். எண்களை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. நேரத்துக்கு ஆதாரம் இருக்கிறதோ இல்லையோ, முகூர்த்தம் பார்ப்பதில் நமக்கு அண்ணன் அவர்!

பாலம் கடந்து கொஞ்சம் நடந்தால் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம். அங்கே பீலா ஹோரா போகும் 22ஆம் எண் டிராமில் ஏறி, மூன்றாவதான கோட்டை நிறுத்தத்தில் இறங்குங்கள். ஏற்றம் முழுவதையும் டிராம் பார்த்துக்கொள்ளும். காகிதச் சீட்டு வைத்திருந்தால் மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு தடவை முத்திரை குத்த வேண்டும். குத்த மறந்தால் கையில் சீட்டு இருந்தும் அபராதம்தான்.

கோட்டை வளாகம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், முற்றங்களைச் சுற்ற காசு கிடையாது. உள்ளே கட்டடங்களுக்கு ஒன்பது மணிக்கு மேல்தான், சீட்டு வாங்கிக்கொண்டு. முதலில் புனித விட்டஸ் பேராலயத்துக்குப் போங்கள், வரிசை நீளுமுன். ஞாயிறு காலையில் திருப்பலி என்பதால் பார்வையாளர்களுக்கு நண்பகல் வரை அனுமதியில்லை. 1344இல் தொடங்கி 1929இல் முடித்த கட்டடம் இது. உள்ளே இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்போன்ஸ் முகாவின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். அடுத்தது பழைய அரண்மனை. 1618இல் பேரரசரின் ஆட்களைச் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்களே, ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போருக்குத் திரி வைத்த அந்த அறை இங்கேதான். கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொன் சந்தில், எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதிய 22ஆம் எண் வீட்டுக்குப் பத்து நிமிடம் போதும்.

கிழக்கு வாசல் வழியாகப் பழைய கோட்டைப் படிகளில் இறங்கினால் மாலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ. ஒரே நிறுத்தம், ஸ்தாரோமியெஸ்ட்ஸ்கா. வெளியே வந்தால் பக்கத்திலேயே சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். செக் தமிழறிஞர் கமில் சுவெலபில் தமிழ் சொல்லிக்கொடுத்த பல்கலைக்கழகம்!

மீதி நேரத்தில் பெரும்பங்கை யூதர் பகுதிக்குக் கொடுங்கள் என்பேன். இடமில்லாமல் அடுக்கடுக்காகப் புதைத்த பழைய கல்லறைத் தோட்டம், நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்க எழுதிய பிங்காஸ் தொழுகைக்கூடம். சனிக்கிழமை எல்லாம் மூடியிருக்கும். பலர் ஏமாறுவது இதில்தான்.

பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரம் கடைசியில். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை மணிக்கொரு முறை எலும்புக்கூடு மணியடிக்கும், பன்னிரு அப்போஸ்தலர்கள் வந்துபோவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிடம்கூடத் தாங்காத கூத்து, அண்ணாந்து நிற்பவர்களின் பையில் கைவைக்க ஆள் இருக்கும். உண்மையில் பார்க்க வேண்டியது 1410ஆம் ஆண்டின் அந்த முகப்பை. வெளிவட்டத்துப் பொன்னெழுத்து எண்கள் பழைய செக் நேரத்தைக் காட்டுபவை. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள். அதனால் அந்த வட்டம் பருவத்துக்கேற்ப நகரும்.

பணம் யூரோ அல்ல, கொருனா. தெருவில் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள், செல்லாத வேற்றுநாட்டுத் தாளைத் தள்ளிவிடுவார். கடையில் மாற்றி ஏமாந்தால், 1000 யூரோ மதிப்பு வரை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பித் தரச் சட்டம் இருக்கிறது, ரசீது பத்திரம். ஏடிஎம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சதுக்கத்தில் தணலில் சுடும் பன்றித்தொடைக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. வெட்டுபவர் கத்தியை வைக்குமுன் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.