சிங்கப்பூர் சித்தப்பாவிடம் ‘ஸ்டாண்டர்ட்’ என்று மட்டும் சொல்லி விடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதல் எலக்ட்ரிக் கிட்டார் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கூரியரில் வரும். மதுரைக்கோ திருச்சிக்கோ போனால் கடையில் வாங்கலாம். இல்லையென்றால் விடுமுறைக்கு வரும் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார். எந்த வழியானாலும் நாம் சொல்லி அனுப்புவது ஒரு பெயரைத்தான். அந்தப் பெயரை நம்பிப் பணம் கொடுக்க முடியாத நிலை இப்போது.

ஃபெண்டர் கிட்டார் கம்பெனியையே பாருங்கள். மெக்சிகோவில் என்செனாடா என்ற ஊரில் அவர்களுடைய தொழிற்சாலை 1987-இல் தொடங்கியது. அங்கே செய்த சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற எலக்ட்ரிக் கிட்டார் மாடலை வருடக்கணக்கில் ‘ஸ்டாண்டர்ட்’ என்று விற்றார்கள். 2018-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘ப்ளேயர்’ என்றார்கள். 2024-இல் அது ‘ப்ளேயர் II’ ஆனது. 2025 தொடக்கத்தில் ‘ஸ்டாண்டர்ட்’ மறுபடி வந்தது. இந்த முறை அது இந்தோனேசியாவில் செய்த, ப்ளேயருக்கு ஒரு படி கீழே வைத்த கிட்டார். வந்தபோது அமெரிக்காவில் விலை 599 டாலர். ஆக, 2015-இல் செய்த ஸ்டாண்டர்டும் 2025-இல் செய்த ஸ்டாண்டர்டும் வேறு வேறு நாட்டுச் சரக்கு, வேறு வேறு தரம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் கிட்டாரின் தலையை (கம்பி முறுக்கும் சாவிகள் உள்ள பகுதி) முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் பணம் எடுக்கவே கூடாது. மெக்சிகோ கிட்டாரில் சீரியல் எண் 90-களில் எம்.என். என்றும், 2000-களில் எம்.இசட். என்றும், 2010-க்குப் பிறகு எம்.எக்ஸ். என்றும் ஆரம்பிக்கும். எம்.எக்ஸ். என்றால் அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

பெயர் மாற்றுவதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. 2018-இல் பெயரோடு சரக்கும் நிஜமாகவே மாறியது. பழைய மெக்சிகோ ஸ்டாண்டர்டில் 21 ஃபிரெட் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டை), ஆறு திருகு பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி), செராமிக் காந்தப் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்). ப்ளேயரில் 22 ஃபிரெட், இரண்டு தூண் பிரிட்ஜ், அல்நிகோ 5 காந்தப் பிக்கப். ப்ளேயர் II-இல் ஃபிரெட் பதித்த பலகையான ஃபிரெட்போர்டின் விளிம்பை உருட்டிக் கொடுத்தார்கள், ரோஸ்வுட் திரும்பி வந்தது. எபிஃபோன் கம்பெனி 2020-இல் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் என்ற மாடலை ‘50ஸ்’, ‘60ஸ்’ என்று இரண்டாகப் பிரித்ததும் உபயோகமான வேலைதான். 50ஸ் நெக் (கிட்டாரின் கழுத்து) தடிமன், 60ஸ் நெக் மெலிசு. பெயரைக் கேட்டாலே கைக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடுகிறது.

ஃபெண்டரின் மலிவு விலை பிராண்டான ஸ்கொயரின் ‘புல்லட்’ 2023-இல் ‘சோனிக்’ ஆன கதை அப்படி இல்லை. நிறம் புதிது, தலையில் எழுத்து புதிது. மெல்லிய உடல், செராமிக் பிக்கப், குறைந்த விலை என்ற அடிப்படைக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. கடையில் தேங்கிக் கிடக்கும் புல்லட்டை விலை குறைத்துக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். புதுப் பெயருக்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுப்பதைவிட, அந்தக் காசுக்கு ஒரு ட்யூனரும் இரண்டு செட் கம்பியும் எடுத்து வைப்பது மேல். எனக்குப் பிடித்தது யமஹாவின் வழி. பசிஃபிகா என்ற வரிசையில் 012, 112 என்று எண் போட்டு விட்டுவிட்டார்கள். 112வி என்றால் ஆல்டர் உடல், டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப் பாதியாகப் பிரியும். எண்ணைச் சொன்னால் போதும், கடைக்காரர் மாற்றிக் கொடுக்க முடியாது.

ஆகவே சித்தப்பாவுக்கு அனுப்பும் வாட்ஸப் செய்தியில் பெயரோடு நான்கு விவரம் இருக்கட்டும்: எந்த நாட்டில் செய்தது, ஃபிரெட்போர்டு என்ன மரம், பிரிட்ஜ் நிலையானதா ஆடக்கூடியதா, அட்டைப் பெட்டியில் இருக்கும் மாடல் எண் என்ன. கடைசியாகச் சொன்னதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியோடு வரும் சின்ன ஆலன் கீ (ஆறு பட்டைத் திருகுச் சாவி) பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

மர விஷயத்தில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பர்மா தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்த ஊர். இருந்தாலும் இந்த ஒன்று பலருக்குப் புதிதாக இருக்கலாம். விலை குறைந்த கிட்டார்களில் ‘இந்தியன் லாரல்’ என்று போடுகிறார்களே, மர வியாபாரத்தில் அந்தப் பெயர் நம்ம கருமருதுக்குரியது. ரோஸ்வுட் என்பது ஈட்டி, தோதகத்தி வகை. 2017 ஜனவரியில் அந்த இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், கம்பெனிகள் அவசரமாக வேறு மரத்துக்குப் போனார்கள். ஃபெண்டரின் மெக்சிகோ கிட்டார்களில் பாவ் ஃபெர்ரோ என்ற மரம் வந்தது அப்போதுதான். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. லாரல் மட்டமான மரம் இல்லை, கொஞ்சம் வெளிறி, உலர்ந்து தெரியும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஃபிரெட்போர்டு எண்ணெய் சில சொட்டு துணியில் தொட்டுத் துடைத்தால் கருத்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்கேறி வாடை வரும். வார்னிஷ் அடித்த மேப்பிள் போர்டுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

நம்ம ஊர் வெயிலுக்கு முதலில் காட்டிக் கொடுப்பது ஃபிரெட் முனைகள்தான். மரம் காய்ந்து அகலம் ஒரு மயிரிழை குறையும், உலோகம் குறையாது. நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டினால் ரம்பம் போல உறுத்தும். வாங்கிய வாரத்திலேயே அரத்தை எடுத்துத் தேய்க்காதீர்கள். சித்திரை, வைகாசி ஒரு தடவை கழியட்டும், மரம் எவ்வளவு சுருங்க வேண்டுமோ சுருங்கட்டும். அதன் பிறகு மரத்துக்கு டேப் ஒட்டி, நைஸ் அரத்தால் ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்தால் ஒரே முறையில் வேலை முடியும். கிட்டாரை முற்றத்துப் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள். பகலில் காரிலும் விடாதீர்கள்.

செட்டப் விஷயத்துக்கு வருகிறேன். இந்த விலையில் எந்தப் பெயர் வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் சரியாக இருக்காது. வீணைக்கு மெழுகு வைத்து மேளம் கட்டுவதற்குத் தனி ஆள் வேண்டும் என்பது காரைக்குடிக்குத் தெரியும். கிட்டாருக்கு மட்டும் கூரியர்க்காரர் கொடுத்ததே முடிந்த வாத்தியம் என்று நினைத்துவிடுகிறோம்.

புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்த பிறகுதான் அளக்க வேண்டும். 9-42 தடிமன் கம்பி செட் போதும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 9.5 அங்குல வளைவு உள்ள போர்டுக்கு 0.25 மி.மீ. சரியான அளவு. இதற்குத் தனி கருவி தேடி அலைய வேண்டாம். பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்கும் ஃபீலர் கேஜ் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைக்கும். இடைவெளி கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு) வலப்பக்கமாகவும், கம்பி போர்டோடு ஒட்டிக் கிடந்தால் இடப்பக்கமாகவும் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். இங்கேதான் பலர் கிட்டாரைக் கெடுக்கிறார்கள். அங்குல அளவுக் கீயும் மி.மீ. அளவுக் கீயும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். லூசான கீயைப் போட்டுத் திருகினால் டிரஸ் ராட் நட்டின் உள்முனை வழுக்கிவிடும், அப்புறம் நெக்கே மாற்ற வேண்டி வரலாம். பெட்டியில் வந்த கீயைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்தது கம்பி உயரம். பதினேழாவது ஃபிரெட்டில் 1.6 மி.மீ. அரை மி.மீ. கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல் போதும். சாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) திருகுக்கு ஸ்கொயரில் பெரும்பாலும் 1.5 மி.மீ. கீ, மெக்சிகோ ஃபெண்டரில் 0.050 அங்குலம். அதன் பிறகுதான் இன்டனேஷன், அதாவது எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் சுரம் அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கைவிட ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னால் கொண்டுவாருங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எஃப் கார்டு விழவில்லை என்று விரலைக் குறை சொல்கிறார்கள். பாதிக் கேஸில் குற்றவாளி நட், அதாவது நெக் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய துண்டு. கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுதான் இடைவெளி தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் நட் பள்ளம் ஆழம் போதாது. அதை அறுக்க அளவான நட் அரம் வேண்டும், ஹாக்ஸா பிளேடு வேண்டாம். கொஞ்சம் கூடிப்போனால் வெறும் கம்பி இரையும், புது நட்தான் வழி. சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று குதித்தால் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் முனையை அதில் தேய்த்தாலே பெரும்பாலும் தீரும்.

ஆடும் பிரிட்ஜை எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, சுருதி நிற்கவில்லை என்று புலம்புகிறார்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு திருகையும் இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடுங்கள். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதி மாறாது. கோயில் திருவிழா மேடையில் வாசிப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

பார்ட்ஸ் மாற்றுகிறேன் என்று இறங்குவதற்கு முன் ஸ்கேலை எடுங்கள், ஏனென்றால் பெயர் இங்கேயும் உதவாது. முழு ஸ்ட்ராட் உடல் 44, 45 மி.மீ. தடிமன் இருக்கும். புல்லட், சோனிக் உடல்கள் அதைவிட மெலிசு. பிரிட்ஜின் அடியில் வரும் பிளாக்கைப் பெரிய பித்தளையாக வாங்கிப் போட்டால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே 52.5, 54, 56 மி.மீ. என்று பல அளவுகளில் பிரிட்ஜ் வருகிறது. உங்களுடையதை அளக்காமல் ஆர்டர் போட்டால் ஓரக் கம்பி போர்டை விட்டு வழுக்கும். அமெரிக்க அளவு வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) ஒன்றின் கழுத்து 9.5 மி.மீ., ஆசியக் கிட்டாரின் துளை 7, 8 மி.மீ.தான் இருக்கும், ரீமர் வைத்துப் பெரிதாக்க வேண்டும். பிக்கப் மாற்றும் ஆசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இருக்கிற பிக்கப்பின் உயரத்தை ஒரு மி.மீ. ஏற்றி இறக்கிப் பார்த்தாலே சத்தம் எவ்வளவோ மாறும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே பேஸ் பக்கம் 2 மி.மீ., ட்ரெபிள் பக்கம் 1.6 மி.மீ. என்று ஆரம்பியுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். பழைய வீடுகளின் வயரிங்கில் எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் இன்னும் நிறைய இருக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப் கொஞ்சம் இரையத்தான் செய்யும், கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் கிரவுண்ட் வயர் சரி. தொட்டதும் இரைச்சல் கூடினாலோ, மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று இழுத்தாலோ, அதைக் கிட்டாரின் குறை மட்டுமே என்று எண்ணி வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.