ஓசையைப் படம் பிடித்தால் போதாது

வயலின் குழுவின் ஓசையை மின்சுற்றில் எழுப்பும் கீபோர்டுகளான பழைய ஸ்டிரிங் மெஷின்களைப் பார்த்து இப்போது செய்யப்படும் புதுக் கருவிகளை "போலி" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. சண்டைக்குப் போகும் முன் மாமாவின் அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குன்னூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டுக்குள் ஈரம் குடியேறிவிடும். தோல் செருப்பில் பச்சை பூக்கும். கேமரா லென்ஸில் பூஞ்சை வலை பின்னும். அதனால் அலமாரிக்குள் 40 வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் அந்தச் சூட்டில் கம்பளியும் பட்டுப்புடவையும் இருக்கும். மாமா வீட்டில் இருந்தது இத்தாலியில் செய்த ஒரு ஸ்டிரிங் மெஷின். 1980களில் அவர் மெல்லிசைக் குழு நடத்தியபோது சென்னையில் ஒரு கலைஞரிடமிருந்து பழையதாக வாங்கி வந்தது. அருவங்காடு, வெலிங்டன், கோத்தகிரி என்று கல்யாணக் கச்சேரிகளுக்கு ஜீப்பின் பின்சீட்டில் அது போகும். மாமா முன்சீட்டில் உட்காரவே மாட்டார். பின்னால் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

வயலின் குழுவை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்காகப் பிறந்த கருவி இது. அதற்கு முன்பு மெலோட்ரான் இருந்தது. 1963இல் இங்கிலாந்தில் வந்த அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஓசை பதிந்த ஒரு டேப் ஓடும். எட்டு விநாடியில் டேப் தீர்ந்துவிடும். கனமும் விலையும் அதிகம். 1970களின் தொடக்கத்தில் கென் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் டேப்பை விட்டுவிட்டு, மின்சுற்றுகளை மட்டும் கொண்டே தந்திக் குழுவின் ஓசையைக் கொண்டுவர முயன்றார். நெதர்லாந்தின் எமினன்ட் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 310 ஆர்கனில் அப்படியொரு பகுதி இருந்தது. அதைத் தனியே பிரித்தெடுத்து 1974இல் சொலினா ஸ்டிரிங் என்செம்பிள் என்று கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஆர்ப் நிறுவனத்தின் பெயரில் அதுவே விற்றது. பிரான்சின் ழான் மிஷேல் ஜார் 1976இல் உலகம் முழுவதும் கேட்கவைத்த அந்த மிதக்கும் ஓசை, எமினன்ட் 310இலிருந்து எழுந்து ஸ்மால் ஸ்டோன் என்ற, ஓசையைச் சுழலவிடும் ஃபேசர் பெட்டிக்குள் புகுந்து வந்ததுதான்.

இனி உள்ளே பார்ப்போம். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் ஸ்தாயியின் 12 சுரங்களையும் மெஷின் ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றின் அதிர்வையும் பாதியாக்கினால் அதற்குக் கீழ் ஸ்தாயி. மறுபடி பாதியாக்கினால் அதற்கும் கீழே. ஆக எல்லாச் சுரங்களும் எப்போதும் உள்ளே ஒலித்துக்கொண்டேதான் இருக்கின்றன. நாம் கட்டையை அழுத்துவது கதவைத் திறப்பது மட்டும். அந்நாளைய சின்தசைசர்கள் பலவும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். இதில் பத்து விரலையும் வைக்கலாம்.

ஆனால் அந்தக் கட்டத்தில் வருகிற ஓசை மிக மெலிந்தது. நான் பிளஸ் டூ படித்தபோது ஒருநாள் அதைக் காதால் கேட்டேன். மெஷினில் பதினொரு கட்டைகள் ஊமையாகிவிட்டன. மாமாவும் நானும் திருகுகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினோம். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் தலைமுடி போன்ற ஒரு கம்பி. கட்டை இறங்கும்போது நீளமாக ஓடும் ஓர் உலோகக் கோலில் அந்தக் கம்பி தொட வேண்டும். தொடும் இடமெல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாகிக் கிடந்தது. விசிட்டிங் கார்டை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பிக்கும் கோலுக்கும் நடுவில் செருகி மெல்ல இழுத்தார் மாமா. துண்டு பச்சைக் கோட்டோடு வெளியே வந்தது. இரண்டாம் துண்டில் கோடு வெளிறியது. மூன்றாம் துண்டு வெள்ளையாகவே வந்தது. பதினொரு கட்டைக்கும் அப்படியே செய்து முடிக்க மாலையாகிவிட்டது.

சோதித்துப் பார்க்கும்போது என்செம்பிள் சுவிட்சை மாமா அணைத்தார். ஒலிபெருக்கியிலிருந்து வந்தது ஈயின் ரீங்காரம். இதற்காகவா இத்தனை வருடம் பல்பு எரிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைப் போட்டார். மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து சன்னலை மூடுமே, அறை அப்படி நிறைந்தது. அழுத்திய கட்டைகள் அவைதான். மாறியது ஒரு சுவிட்ச்.

அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் 1969இல் கண்டுபிடித்த தாமத வரிசை: ஓசையைச் சற்றே தாமதித்து வெளியே விடும் சிப். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகுமே, அந்தச் சிப்புக்குள் ஓசையின் மின்னூட்டம் அப்படித்தான் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கைமாறுகிறது. கைமாறும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் மறுமுனையில் வரும் சுருதி லேசாக ஏறி இறங்கும். சொலினாவில் இப்படி மூன்று வரிசைகள். மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் பயனில்லை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்க வேண்டும், மூன்றாவது நடுவில் நிற்க வேண்டும். வட்டத்தை மூன்றாகப் பங்கிட்டதுபோல வைத்திருக்கிறார்கள். அப்படி ஏற்றி இறக்குவதும் இரண்டு அலைகள்: விநாடிக்கு ஒரு தடவைகூட முழுதாகச் சுற்றாத மெல்லிய அலை ஒன்று, ஏறக்குறைய ஆறு தடவை நடுங்கும் அலை ஒன்று.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு மெஷின் வேண்டியதில்லை. எங்கள் ஊர் தந்தி மாரியம்மன் தேர் வரும்போது இரட்டை நாகசுரம் வாசிப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? இருவரும் ஒரே சுரத்தில் நிற்கும்போதும் இருவர் மூச்சும் ஒன்றல்ல. ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே. அந்த இடைவெளியில்தான் தெருவை அடைத்துக்கொண்டு வரும் கம்பீரம் பிறக்கிறது. சுருதி சேராமல் இருப்பது வேறு, சேர்ந்தபடி அசைவது வேறு. நாகசுரத்தில் இரண்டு மூச்சு செய்வதை இந்த மெஷின் மூன்று வரிசைகளை வைத்துச் செய்கிறது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

மாமாவின் மெஷினில் அந்தத் தாமதச் சிப்புகள் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டன. கோவையில் ஒரு பழுதுபார்க்கும் கடை எட்டு மாதம் வைத்திருந்து, இந்தச் சிப் இனி வராது என்று திருப்பிக் கொடுத்தது. "தலையெழுத்து" என்று மாமா சொன்னார். பிறகு நான் கீபோர்டு வாங்கினேன். அதில் தந்தி ஓசை என்று எத்தனையோ இருந்தன; பழைய ஸ்டிரிங் மெஷினின் ஓசையென்றே பெயர் போட்டு ஒன்றும் இருந்தது. ஆசையோடு அழுத்தினேன். ஒரு கட்டை அழுத்தினால் அதே ஓசை. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் குழம்பிப் போகிறது. ஏன் என்று எனக்குப் பல மாதங்கள் விளங்கவில்லை.

காரணம் இதுதான். பழைய மெஷினில் அழுத்திய சுரங்களெல்லாம் முதலில் ஒன்றாகக் கலந்து, பிறகுதான் அந்த மூன்று வரிசைகளுக்குள் நுழைகின்றன. எல்லாச் சுரமும் ஒரே காற்றில் அசைகின்றன. பதிவு செய்து ஓட்டும் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுரமும் தன் அசைவைத் தானே சுமந்து வருகிறது. மூன்று சுரம் அழுத்தினால் மூன்று காற்று மூன்று திசையில் அடிக்கிறது. அந்தப் பதிவில் இருப்பது உண்மையான சொலினாவின் உண்மையான ஓசைதான். ஆனாலும் அது சொலினா இல்லை.

போலி என்ற சொல்லை வீசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அசல் மெஷினிலிருந்து எடுத்த பதிவு பொய்யாக ஒலிக்கிறது. அசலின் ஒரு திருகாணிகூட இல்லாமல், அதன் வேலை முறையை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த கருவி மெய்யாக ஒலிக்கிறது. வால்டார்ஃப் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த ஸ்ட்ரைஷ்ஃபெட் என்ற ஸ்டிரிங் மெஷின் முழுக்க டிஜிட்டல்தான். ஆனால் சுரங்களைக் கலந்து, பிறகு அசைக்கும் முறையை அது மாற்றவில்லை. ரோலண்ட் 1979இல் செய்த, தந்தி ஓசையும் தரும் விபி-330 மெஷினைத் தானே 2016இல் கையடக்கமாக, டிஜிட்டலாகத் திரும்பச் செய்தது. பெஹ்ரிங்கர் அதே மெஷினை அனலாக் சர்க்யூட்டிலேயே செய்தது. பிறகு சொலினாவையும், ஸ்மால் ஸ்டோன் பாணி ஃபேசரையும் சேர்த்து, கட்டைகளில்லாத ஒரு பெட்டியாகக் கொண்டுவந்தது. அனலாக்கா டிஜிட்டலா என்று கட்சி பிரிந்து நிற்பதில் எனக்கு அக்கறை இல்லை. உள்ளே என்ன ஓடினாலும், வேலை நடக்கும் வரிசை சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கிய பிலிம் தொழிற்சாலையை நீலகிரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாட்டுக்கே கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்து கொடுத்த இடம் மூடிக் கிடக்கிறது. இன்று போனில் எடுத்த படத்தின்மேல் பிலிம் துகள்களைத் தூவிவிடும் செயலிகள் வந்துவிட்டன. அந்தத் துகள் ரசாயனத்தில் விளைந்தது. மேலே தூவியது அல்ல. இசைக்கருவி செய்கிறவர்களிலும் இப்படித் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். கரகரப்பைச் சேர்ப்பார்கள், மரப் பலகை ஒட்டுவார்கள், பழைய எழுத்துருவில் பெயர் பொறிப்பார்கள். அவர்களைப் போலி என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், பழையது மட்டுமே தெய்வம் என்கிறவர்கள். பெரும் பணம் கொடுத்து அசல் மெஷினை வாங்கி, வாசிக்காமல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். 1,850 மீட்டர் உயரத்தில், இந்த ஈரத்தில், களிம்போடும் கிடைக்காத சிப்போடும் மல்லுக்கட்டி வாழ்ந்த ஒரு வீட்டிலிருந்து சொல்கிறேன்: அந்த ஓசை வாசிக்கப்பட வேண்டும். கல்யாணத்தில், கோயிலில், சர்ச்சில், பள்ளி ஆண்டு விழாவில். அந்த இடங்களுக்கு ஐம்பது வருடப் பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வயலின்காரரை வைத்துக்கொள்ள வசதியில்லாதவனுக்காகப் பிறந்த கருவி கடைசியில் பணக்காரர் வரவேற்பறையில் காட்சிப் பொருளாக நிற்பது எனக்குத் தாங்கவில்லை. வயலினையே போலச் செய்யப் பிறந்த ஒன்றுக்கு இப்போது அசல் என்ற பட்டம் கட்டி, அதைப் போலச் செய்யக் கூடாது என்றால் என்ன நியாயம்? பழைய பொறியாளர்களின் பெயரைச் சொல்லிச் செய்யுங்கள் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். செய்யாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

என்னிடம் இப்போது இருப்பது அப்படி ஒரு சிறு பெட்டி. போன டிசம்பரில் எங்கள் சர்ச்சின் கேரல் ஒத்திகைக்கு எடுத்துப் போனேன். மாமாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது எழுபத்தாறு. பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையால் மூன்று கட்டைகளை அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையை முழுதாக மேலே தூக்கி, ஒரு கணம் வெற்றாக விட்டு, அடுத்த மூன்று கட்டைகளில் இறக்கினார். அவருடைய பழைய மெஷினில், கட்டைகளின் கதவுகளைத் தாண்டி, ஓசையை மெல்ல எழுப்பும் பொதுக் கதவு எல்லாச் சுரத்துக்கும் ஒன்றுதான். கையைத் தூக்காமல் நகர்த்தினால் அடுத்த கூட்டு மெல்ல எழுந்து வராது. விரல்கள் அதை மறக்கவில்லை. கேரல் முழுவதையும் அப்படித்தான் வாசித்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அந்த மூச்சு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அலமாரியில் பல்பு போட்டிருக்கிறாய் அல்லவா?"

அன்று இரவே போட்டுவிட்டேன், மாமா.