பயந்தாங்கொள்ளி

அக்கா மகனுக்கு எட்டு வயது. இருட்டென்றால் ஆகாது. ராத்திரி பாத்ரூம் போகக்கூட துணைக்கு ஆள் வேண்டும். போன மாதம் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அவன் பெரியப்பா, “இவன் சரியான பயந்தாங்கொள்ளி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட் என்று ஒரு குடும்ப ஆலோசகர் இருந்தார். நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனோடு சேர்ந்து கதைவழி ஆலோசனை முறையை உருவாக்கியவர்; ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை வேறு மாதிரிச் சொல்லிப் பார்க்க உதவும் முறை அது. 1990இல் இருவரும் எழுதிய புத்தகத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். உடுப்பிலேயே மலம் கழித்துவிடுவான், சுவரிலும் பூசுவான். வைட் அவனை எதுவும் சொல்லவில்லை. அந்தத் தொல்லைக்கு ‘ஸ்னீக்கி பூ’ என்று பெயர் வந்தது. நம்மூர்ப் பேச்சில் ‘திருட்டுக் கக்கா’ என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது உன்னை என்ன பாடு படுத்துகிறது, அம்மாவை என்ன செய்கிறது என்று விசாரித்தார். அப்புறம்தான் முக்கியமான கேள்வி: அது கூப்பிட்டும் நீ ஏமாறாத நாள் உண்டா? பையனுக்குச் சில நாட்கள் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்கும் ஒன்று: மனசு உடைந்து உட்கார வேண்டிய ஒரு நேரத்தில் எழுந்துபோய்ப் பாட்டுப் போட்டிருக்கிறார்.

‘ஆள் பிரச்சினை இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை’ என்பது அவர்கள் வாக்கு. யோசித்தால் தமிழ் ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறது. கோபம் வந்தது, பயம் பிடித்துக்கொண்டது என்கிறோம். வருவதும் போவதும் அதுதான், நாம் இல்லை. அடுத்தவரைச் சொல்லும்போது மட்டும் கோபக்காரன், அழுமூஞ்சி, சிடுமூஞ்சி என்று ஆள்மேலேயே பெயரை ஒட்டிவிடுகிறோம்.

‘அடித்தது நான் இல்லை, என் கோபம்’ என்று ஒரு புருஷன் சொன்னால்? ஒத்துக்கொள்ள மாட்டேன். கோபம் தனி என்றால் அதோடு என்ன உறவு வைத்துக்கொள்வது என்பது அவன் பொறுப்பு. தப்பிக்க வழி இல்லை.

சரி, நம்ம பையன். அவன் பயத்துக்கு அவனே ‘கரிச்சட்டி’ என்று பெயர் வைத்தான். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் தீர்வுநோக்கு ஆலோசனையில் (பிரச்சினையைக் கிளறாமல், ஏற்கெனவே சரியாக நடப்பதைத் தேடும் முறை) கேட்ட மாதிரி, “பத்துக்கு எத்தனை தைரியம்டா?” என்றேன். “மூணு.” ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்கக் கூடாது. “ஏன் ரெண்டு இல்லை?” என்றேன்.

கொஞ்ச நேரம் விரலைக் கடித்தான். “கரண்ட் போன அன்னிக்கு அம்மாச்சிக்கு நான்தானே மாமா தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன்?”

இன்னும் துணைக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் இப்போதெல்லாம் நான் ஹாலிலேயே நின்றால் போதுமாம்.