அல்சூரில் துவைத்தால் கெலவரப்பள்ளியில் நுரைக்கும்

எங்கள் குடும்பமே ஒரு சாக்கடையின் வழியில் குடியிருக்கிறது என்று சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். அத்தை வீடு பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துச் சந்தில். நான் இருப்பது பெல்லந்தூர் பக்கம் ஓர் அடுக்ககத்தில். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஓசூரை அடுத்து கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரை நம்பித் தக்காளியும் முட்டைக்கோஸும் போடுகிறவர். அல்சூரில் விழுவது தோம்லூர் வழியாக பெல்லந்தூர் ஏரிக்கு வருகிறது. அங்கே நிரம்பினால் வர்த்தூர் ஏரி, அதையும் தாண்டினால் தென்பெண்ணை. கொடியாளம் பக்கம் மாநில எல்லையைக் கடந்து கெலவரப்பள்ளிக்குப் போய்ச் சேருகிறது. மழைக்காலத்தில் அணையைத் திறந்துவிட்டால் ஆற்றில் வெள்ளை வெளேரென்று நுரை மலை. அன்றைக்கு மாமாவிடமிருந்து போன் வரும்: "ஏன் மாப்ளே, உங்க அத்தை இன்னைக்குப் போர்வையெல்லாம் துவைச்சாங்களா?"

சிரிப்பாகத்தான் சொல்வார். ஆனால் அந்தத் தண்ணீர்தான் அவர் வயலுக்குப் போகிறது.

பெங்களூர் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தது சரியா தவறா என்று இங்கே நண்பர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். 2007இல் ஏழு நகரசபைகள், கெங்கேரி என்ற ஒரு புரசபை (சிறு நகராட்சி), 110 கிராமங்கள் எல்லாவற்றையும் பழைய மாநகராட்சியோடு சேர்த்து பிபிஎம்பி என்ற ஒரே பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். பெரிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். 2025 செப்டம்பர் 2 முதல் அதே பரப்பை மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்தாக வெட்டி, மேலே ஒரு கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது சிறிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. சேர்த்தாலும் பிரித்தாலும் ஒரு கோடு இருக்கும், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பக்கத்துவீட்டுக்காரன் இருப்பான். அவனோடு நமக்கு என்ன ஏற்பாடு என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் தீயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நாம் அவ்வளவு மோசமில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு பழைய சாமான் கிடங்கு ராத்திரி தீப்பிடித்தது. அந்த இடம் மாநகராட்சியா பஞ்சாயத்தா என்று பகலிலேயே யாருக்கும் தெரியாது. வீட்டு வரி ஒரு பக்கம், தெருவிளக்கு இன்னொரு பக்கம். ஆனால் வந்த தீயணைப்பு வண்டி அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு வண்டியில் தண்ணீர் தீர்ந்ததும், பக்கத்தில் போர்வெல் தண்ணீர் விற்கும் டேங்கர்காரர்கள் தாங்களாகவே வந்து நின்றார்கள். பகலில் ஒருவர் ஏரியாவுக்குள் இன்னொருவர் நுழைந்தால் கல்லெறிகிறவர்கள் அவர்கள்! அன்றைக்கு வரிசையில் நின்று ஊற்றினார்கள். விடிவதற்குள் அணைத்துவிட்டார்கள். மறுநாள் பழையபடி சண்டை.

கர்நாடகத்தில் தீயணைப்புத் துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. அதனால் ஊருக்குள் எல்லைப் பிரச்சினை குறைவு. மகாராஷ்டிரத்தில் அப்படியில்லை, மாநகராட்சிக்கு மாநகராட்சி தனித் தீயணைப்புப் படை. ஆனாலும் பிவண்டியில் ஒரு கிடங்கு எரிந்தால் தானேயிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வண்டிகள் போகின்றன. நம் நாட்டின் பெரும்பாலான மாநிலத் தீயணைப்புச் சட்டங்களில் பக்கத்துப் பகுதிக்கு வண்டி அனுப்ப இடம் வைத்திருக்கிறார்கள். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தீ பரவும். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு. கொடுத்த உதவி திரும்பி வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் ரயிலேறி வந்தன. வந்து என்ன, அவர்கள் கொண்டுவந்த குழாயின் வாய் பால்டிமோரின் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை. ஊருக்கு ஊர் ஓர் அளவு. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன. அதன் பிறகுதான் ஒரே அளவு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. நம்மூரில் 63 மில்லிமீட்டர் இணைப்பு என்று ஒரு தரம் இருக்கிறது, நல்லது. ஆனால் சர்ஜாபூர், அத்திபெலே பக்கம் ஒரு தெருவைக் காட்டி, "இங்கே தீப்பிடித்தால் தண்ணீர் எங்கிருந்து ஏற்றுவது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த டேங்கர்காரர்களின் நல்ல மனசைத் தவிர வேறு பதில் கிடைக்காது.

அத்திபெலே என்றதும் 2023 அக்டோபர் 7 ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு முன் பட்டாசுக் கடை வெடித்தது. கடை கர்நாடகத்தில், கூப்பிடு தூரத்தில் ஓசூர். இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் மற்ற தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் சீசன் வேலைக்கு வந்தவர்கள். தீ எல்லை பார்க்காது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உரிமம் கொடுக்கும்போதும் கிடங்கைச் சோதிக்கும்போதும் எல்லை பார்க்கிறோமே.

சரி, சாக்கடைக்கு வருகிறேன். என் வாதமே இங்கேதான் இருக்கிறது.

தீயில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சாக்கடையில் அது கிடையாது, மேலிருந்து கீழே ஒரே வழிதான். அல்சூருக்கு பெல்லந்தூரால் ஒரு கெடுதலும் இல்லை. பெல்லந்தூருக்கு ஓசூரால் ஒரு கெடுதலும் இல்லை. என் அத்தை எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாமாவின் வயலை நினைத்துக்கொண்டு சோப்பைக் குறைத்துப் போடப் போவதில்லை. ஆகையால் "அண்டை உள்ளாட்சிகள் நல்லெண்ணத்தோடு ஒத்துழைக்க வேண்டும்" என்று யாராவது சாக்கடை விஷயத்தில் அறிக்கை விட்டால், எனக்குச் சிரிப்புதான் வருகிறது. தீக்குப் பொருந்துகிற மருந்து இதற்குப் பொருந்தாது.

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 900 ஏக்கர் பெல்லந்தூர் ஏரி, நகரத்திலேயே பெரியது. 2015 மே மாதம் அதன் நுரையே தீப்பிடித்தது. தண்ணீர் எரிகிறது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 2017 பிப்ரவரியில் மறுபடி. 2018 ஜனவரி 19 அன்று எரிந்ததுதான் பெரியது. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வரும்போது இப்லூர் பக்கம் புகையில் கண் எரிந்தது. ராணுவத்தினர் 5,000 பேர் இறங்கி மணிக்கணக்கில் போராடினார்கள் என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

பத்து, இருபது வருடமாக அந்த ஏரிக்குக் கழிவுநீர் வந்தபோது ஒருவரும் வரவில்லை. அது எரிந்தவுடன் தீயணைப்பு வண்டி, ராணுவம், மந்திரி, கேமரா எல்லாம் வந்துவிட்டது! சாக்கடையாக இருந்தவரை அது பெல்லந்தூர்க்காரன் பிரச்சினை, தீயாக மாறியதும் எல்லோருடைய பிரச்சினை. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம் போட்டது. கவனித்துப் பாருங்கள், கழிவுநீருக்குப் பொறுப்பு 1964இல் அமைந்த குடிநீர் வாரியம். ராஜகாலுவே எனும் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் மாநகராட்சி. ஏரியைப் பார்த்துக்கொண்டது நகர வளர்ச்சி ஆணையம். சோப்புத் தண்ணீரைச் சோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரே ஊருக்குள்ளேயே இத்தனை பக்கத்துவீடுகள். இப்போது ஐந்து மாநகராட்சிக் கணக்கில், ஏரி கிழக்கில் இருக்கிறது, அதற்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மத்தியிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறது. கிழக்கின் கமிஷனர் மத்தியின் கமிஷனரிடம் போய், "உங்கள் குழாயை அடைத்துவிடுங்கள்" என்றா சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது, அந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். எங்கள் பகுதியில் அதைத் திருவிழா மாதிரி கொண்டாடினோம், நானும்தான். ஆனால் பொறியாளர்கள் போடும் பொதுவான கணக்குப்படி, வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். அப்படியானால் அந்தத் திட்டம் முழுதாக ஓடும்போது 62 கோடி லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். நகரத்தின் கிழக்குப் பாதியில் விழுவதெல்லாம் தென்பெண்ணைக்குத்தான். காவிரியில் குடித்துவிட்டுத் தென்பெண்ணையில் துப்புகிறோம். காவிரிக்காக இரண்டு மாநிலமும் பஸ்ஸை நிறுத்துகிறோம், துப்புகிற இடத்தைப் பற்றி ஒரு கடை அடைப்புகூடக் கிடையாது.

இதை ஓரளவு நேராக்கியவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் என்று ஒரு ஆறு. கீழே நிலக்கரி தோண்டியதால் நிலம் அமுங்கிக்கொண்டே இருக்க, பூமிக்கடியில் குழாய் பதிக்க வழியில்லாமல், ஆற்றையே திறந்த சாக்கடை ஆக்கிவிட்டார்கள். 1899இல் அந்த வட்டாரத்து ஊர்கள், சுரங்கங்கள், ஆலைகள் எல்லாவற்றையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார்கள். எவ்வளவு அழுக்கு விடுகிறாயோ அந்த விகிதத்தில் பணம் கட்டு என்பதுதான் அடிப்படை. ஆற்றில் கழிவுநீர் விழுவது நின்றது 2021 கடைசியில்தான். நூற்றிருபது வருடம்! அதனால் இதை ஒரு சொர்க்கம் போலக் காட்டி உங்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ள நான் விரும்பவில்லை. ஆனால் அவர்கள் ஊர் எல்லையை விட்டுவிட்டு, ஆறு போகிற பள்ளத்தையே எல்லையாக வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 2018 முதல் பெங்களூரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தின் சுத்திகரித்த நீரை கோலார் ஏரிகளுக்கு பம்ப் செய்கிறார்கள், திட்டம் நாளுக்கு 44 கோடி லிட்டர். வறண்ட கோலாருக்குத் தண்ணீர் வேண்டும், பெங்களூருக்குத் தண்ணீரைத் தள்ள இடம் வேண்டும். இரண்டு பக்கமும் தேவை இருந்ததால் வேலை நடந்தது. ஆரம்பத்திலேயே அங்கே ஓர் ஏரியில் நுரை கிளம்பி வழக்கு நீதிமன்றம் வரை போனது. இன்னும் கூடுதலாகச் சுத்திகரிக்க வேண்டும் என்று கோலார் விவசாயிகள் கேட்கிறார்கள், நியாயம்தான். கொடுக்கிறவனே தண்ணீரின் தரத்துக்கும் சான்றிதழ் எழுதினால் எப்படி?

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. மீட்டர் கீழே இருப்பவன் கையில் இருக்க வேண்டும். வர்த்தூர் தாண்டி ஓர் இடத்திலும், கொடியாளம் எல்லையில் ஓர் இடத்திலும் தண்ணீரைச் சோதிக்கட்டும். சோதிப்பவரின் சம்பளம் பெங்களூர் கொடுக்கட்டும், ஆனால் ஆளை நியமிப்பது கீழ் ஊர்களாக இருக்கட்டும். அளவு மீறிய மாதம் மேலே இருக்கும் மாநகராட்சிகள் தங்கள் பங்கு விகிதத்தில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் சென்னைக்கோ விதான சௌதாவுக்கோ போகாமல், கீழே இருக்கும் பஞ்சாயத்துகளுக்கு நேராகப் போக வேண்டும். இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்டது, நடக்காது என்பீர்கள். ஓசூர் வரை வேண்டாம், முதலில் ஐந்து மாநகராட்சிகளுக்குள்ளேயே செய்து காட்டுங்கள். பிறகு ஹெப்பகோடி, சந்தாபுரா, ஆனேக்கல் என்று நீட்டுங்கள். ஆனால் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே. கடைசி மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அதிகாரிகளை வைத்து ஓட்டினார்கள். அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் நகர உள்ளாட்சிக்கு 18 வேலைகள் எழுதி வைத்திருக்கிறார்கள், 6ஆவது துப்புரவு, 7ஆவது தீயணைப்பு. பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. கவுன்சிலரே இல்லாத ஊரில் அவை வெறும் எண்கள்.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கும் ஒரு கறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் சொந்தமாக எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, சட்டப்படி கட்டாயம். போன வருடம் அதன் மோட்டார் எரிந்து ஆறு வாரம் ஓடவில்லை. புதிது வாங்குவதா, பழையதைச் சரிசெய்வதா என்று சங்கத்தில் சண்டை. முதல் வாரம் கழிவுநீரை உறிஞ்சி எடுத்துப்போகும் ஹனி சக்கர் வண்டியை வரவழைத்தோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் தமிழ்தான், திருப்பத்தூர்ப் பக்கம். "அத மட்டும் கேக்காதீங்கண்ணா" என்றார். ஒரு நடைக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் பார்த்ததும் இரண்டாம் வாரம் அவரையும் நிறுத்திவிட்டோம். அப்புறம் நான்கு, ஐந்து வாரம் ராத்திரியில் ஒரு வால்வைத் திறந்துவிட்டோம். பின்பக்கம் ராஜகாலுவே ஓடுகிறது, வேறென்ன சொல்ல.

செயற்குழுவில் நானும் இருந்தேன். எதிர்த்துப் பேசவில்லை. நுரை வந்த ஒரு நாள் வழக்கம்போல மாமா போன் செய்து அத்தையைப் பற்றிக் கேட்டார். நானும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு, ஆமாம் மாமா, போர்வைதான் என்றேன்.