ஐம்பது பாக ஆழத்துக்கு ஒரு கைக்கடிகாரம்

எங்கள் கடற்கரையில் ஆழத்தைப் 'பாகம்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுவதுமாக விரித்தால், ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனி வரையுள்ள நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. ஆங்கிலேய மாலுமிகளும் இதே கைவிரிப்பைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். அவர்கள் அதை 'ஃபாதம்' என்றார்கள். சுவிட்சர்லாந்தில் 1735-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிளாங்பான் கடிகார நிறுவனம், 1953-இல் தான் உருவாக்கிய மூழ்குநர் கைக்கடிகாரத்துக்கு 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்று பெயர் வைத்தது. ஐம்பது பாகம் என்பது 300 அடி, அதாவது 91 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். முதுகில் காற்று உருளையைச் சுமந்து இறங்கும் ஒருவர் அதற்குக் கீழே போக முடியாது என்று அன்று கருதப்பட்ட ஆழம் அது. அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது, கடலின் ஆழத்தை மனித உடலைக் கொண்டு அளக்கும் பழக்கம் இரண்டு கரைகளிலும் ஒன்றாக இருந்திருக்கிறதே என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிகாரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பழம்பெரும் சுவிஸ் நிறுவனங்கள் வேறு யாருடனாவது கைகோத்துக் கடிகாரம் வெளியிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓட்டப்பந்தயக் கார் நிறுவனம், திரைப்படம், ஆடை வடிவமைப்பாளர் என்று கூட்டாளிகளின் பட்டியல் நீளமானது. இவற்றில் பெரும்பாலானவற்றில் கடிகாரம் முன்பே தயாராக இருக்கிறது. முகப்பின் நிறமும் பின்மூடியில் பொறிக்கப்படும் எழுத்தும் மட்டுமே மாறுகின்றன. கூட்டாக வடிவமைப்பது என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவதை என் மனம் ஏற்கவில்லை. தண்ணீருக்கு அடியில் உயிரைப் பணயம் வைப்பவர் தன் தேவையைச் சொல்ல, அதைக் கேட்டுக் கடிகாரக்காரர் தன் வேலையை மாற்றிக்கொள்வதையே நான் கூட்டுப்பணி என்பேன். மூழ்குநர் கடிகாரங்களின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது.

பிளாங்பானை அப்போது நடத்தியவர் ழான்-ழாக் ஃபீஷ்டெர். அவரே கடலில் மூழ்குபவர். தென் பிரான்சின் கடலில் ஒருமுறை இறங்கியபோது நேரம் போனது தெரியாமல் ஆழத்திலேயே இருந்துவிட்டார். உருளையில் காற்றுத் தீர்ந்து, அவசரமாக மேலே வரவேண்டியதாயிற்று. ஆழத்தின் அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து, மூட்டுவலியில் தொடங்கி முடக்கம் வரை, சில வேளைகளில் உயிரிழப்பு வரையும் கொண்டுபோய் விடக்கூடும். அன்று அவர் பிழைத்தார். தண்ணீருக்குள் நம்பத்தகுந்த ஒரு நேரங்காட்டி வேண்டும் என்ற எண்ணம் அந்த அனுபவத்தில்தான் பிறந்தது. வாடிக்கையாளரின் அச்சத்தை முதலாளி தன் உடம்பிலேயே அனுபவித்த அபூர்வமான நிகழ்ச்சி இது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் போர் மூழ்குநர் பிரிவை உருவாக்கிக்கொண்டிருந்த இருவர் இதே தேவையுடன் அலைந்தார்கள். ஒருவர் கேப்டன் ராபர்ட் மலூபியே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் இரகசியப் படைக்காக ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் இறங்கி வேலை செய்தவர். மற்றவர் லெப்டினன்ட் குளோத் ரிஃபோ. சந்தையில் கிடைத்த 'தண்ணீர் புகாத' கடிகாரங்களைச் சோதித்துப் பார்த்து, எதுவும் உதவாது என்று கண்ட பிறகு, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே எழுதினார்கள். கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், முக்கோணம், வட்டம், சதுரம் என்று கலங்கிய நீரிலும் ஒன்றுக்கொன்று குழம்பாத, இருளில் ஒளிரும் குறிகள், அதே குறிகளைத் தாங்கிச் சுழலும் வெளிவளையம். பிரெஞ்சு நிறுவனமான லிப் இதற்கு எதிர்காலமில்லை என்று மறுத்துவிட்டது. பிளாங்பானிடம் வந்தபோது, அங்கே ஃபீஷ்டெர் ஏற்கெனவே பாதி வழியைக் கடந்திருந்தார்.

அந்தப் பட்டியலை நான் மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். அழகு என்ற சொல்லே அதில் தேவைப்படவில்லை. ஆனாலும் எழுபது ஆண்டுகள் கழித்தும் உலகில் விற்கும் மூழ்குநர் கடிகாரங்களில் பெரும்பாலானவை அந்த முகத்தைத்தான் அணிந்திருக்கின்றன.

கடிகாரக்காரர் தன் பங்குக்குச் செய்தவையும் சாதாரணமானவை அல்ல. கடிகாரத்துக்குள் தண்ணீர் நுழையும் முதன்மையான வாசல், சாவி கொடுக்கும் குமிழ். அதற்கு ஃபீஷ்டெர் ஒன்றுக்கு இரண்டாக ரப்பர் வளையங்களை வைத்து, ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும்படி செய்தார். பின்மூடியைத் திருகி மூடும்போது ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு கசிவதைத் தடுக்க, அந்த வளையம் பள்ளத்தில் அமர்ந்து அதன்மேல் ஒரு உலோகத் தகடு அழுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தார். குமிழை அடிக்கடி இழுத்துத் திருகினால் அது தேயும் என்பதால், கையசைவிலேயே சாவி ஏறும் தானியங்கி இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். போர் மூழ்குநர்கள் காந்தப் பொருள்களுக்கு அருகில் பணியாற்றுபவர்கள் என்பதால் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்பு உறை ஒன்று வந்தது. வெளிவளையமோ அழுத்தினால் மட்டுமே சுழலும். தற்செயலாக இடித்தால் அசையாது.

இந்தக் கடைசி அம்சத்தின் மதிப்பை நான் தண்ணீருக்குள் தெரிந்துகொண்டேன். மூழ்குவதற்குப் பயிற்சி பெற்ற தொடக்க நாள்களில், இருபுறமும் தாராளமாகச் சுழலும் வளையமுள்ள மலிவான கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு 18 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினேன். இறங்கும் கணத்தில் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தேன். அதிலிருந்து முள் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே நீருக்குள் கழிந்த நேரம். இடையில் எங்கோ நங்கூரக் கயிற்றிலோ தோள்பட்டை வாரிலோ உரசி வளையம் வலப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. என் கடிகாரம் 20 நிமிடம் காட்டியபோது கூட வந்தவரின் டைவ் கணினி, அதாவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் மின்னணுக் கருவி, 34 நிமிடம் காட்டியது. கழிந்த நேரத்தைக் குறைத்துக் காட்டும் கடிகாரம், கடிகாரமே இல்லாததைவிட ஆபத்தானது. அன்று ஒன்றும் நேரவில்லை, உருளையில் காற்றும் போதுமான அளவு இருந்தது. ஆனால் அந்த 14 நிமிட வேறுபாட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை. வளையம் இடப்பக்கமாக மட்டுமே சுழலும் இன்றைய கடிகாரங்களில், தவறி நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும். மூழ்குநர் சற்று முன்னதாகவே மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான்.

பயன்படுத்துபவரின் குரல் இப்படி வடிவத்துக்குள் போய் அமர்ந்ததற்கு வேறு சான்றுகளும் உண்டு. அமெரிக்கக் கடற்படைக்கென்று செய்யப்பட்ட ஃபிஃப்டி ஃபாதம்ஸில், உள்ளே ஈரம் புகுந்தால் நிறம் மாறும் சிறிய வட்டம் ஒன்று முகப்பிலேயே வைக்கப்பட்டது. கடிகாரம் இனி நம்பத்தக்கதல்ல என்பதை அதுவே அறிவித்துவிடும். 1889-இல் சுவிட்சர்லாந்தின் லு லோக்ல் ஊரில் தொடங்கப்பட்ட டோக்ஸா கடிகார நிறுவனமும் 1967-இல் வெளியிட்ட 'சப்' வரிசைக்காக, பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவில் இருந்த குளோத் வெஸ்லி போன்ற தேர்ந்த மூழ்குநர்களைக் கூட வைத்துக்கொண்டது. அதன் வெளிவளையத்தில் அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையே ஏறியது. 60 அடியில் 60 நிமிடம், 100 அடியில் 25 நிமிடம், 130 அடியில் 10 நிமிடம் என்று, வழியில் நின்று நின்று ஏறவேண்டிய தேவையில்லாமல் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அன்றைய அட்டவணை சொன்னதை மணிக்கட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. கணினி இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய துணை என்பது, அந்த அட்டவணையை மனப்பாடம் செய்ய முயன்றவர்களுக்கே புரியும்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒருவர் சொல்லலாம். அதனால்தான் 2023-இல் பிளாங்பான் வெளியிட்ட 'டெக் கோம்பெஸா' எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. அதை நிறுவனத்தின் தலைவர் மார்க் ஹயெக்கும், பிரெஞ்சு உயிரியலாளரும் நீரடி ஒளிப்படக் கலைஞருமான லோரான் பல்லெஸ்தாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். கோம்பெஸா என்பது, அழிந்துவிட்டதாக நெடுங்காலம் கருதப்பட்ட சீலகாந்த் மீனுக்குக் கொமோரோ தீவு மக்கள் வைத்த பெயர். அந்த மீனைத் தேடி 2013-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் நூறு மீட்டருக்கும் கீழே இறங்கியவர் பல்லெஸ்தா. 2019-இல் மூன்று தோழர்களுடன் 28 நாள்கள், ஆழ்கடலின் அழுத்தம் ஏற்றப்பட்ட கூண்டிலேயே வாழ்ந்து மத்தியதரைக் கடலின் ஆழத்தை ஆராய்ந்தவர்.

அவருடைய சிக்கல் எளிமையானது, ஆனால் வழக்கமான மூழ்குநர் கடிகாரங்கள் தீர்க்காதது. வெளிவிடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜனைச் சேர்த்து மறுபடி சுவாசிக்கத் தரும் கருவியுடன் இறங்குபவர் பல மணிநேரம் நீருக்குள் இருப்பார். வளையமோ 60 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அதன்பின் இது முதல் மணியா மூன்றாம் மணியா என்பதை மூளைதான் நினைவில் வைத்திருக்க வேண்டும், அதுவும் குளிரிலும் களைப்பிலும். தீர்வாக, மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை மட்டுமே சுற்றிவரும் தனி முள் ஒன்றைச் சேர்த்தார்கள். வெளிவளையத்தையும் மூன்று மணிநேரக் கணக்கில் பிரித்தார்கள். ஃபீஷ்டெரும் மலூபியேவும் பேசிக்கொண்டிருந்த அதே உரையாடலின் தொடர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. 47 மில்லிமீட்டர் டைட்டானியக் கூட்டில் வரும் அந்தக் கடிகாரத்தின் விலை 25,000 டாலருக்கும் மேல். 1950-களில் இத்தகைய கடிகாரங்கள் மூழ்குநர்களின் கருவிகளாக இருந்தன. இன்று அந்த மூன்று மணிநேர முள் உண்மையாகவே தேவைப்படும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை வாங்க இயலாது. எல்லோரிடமும் டைவ் கணினி இருக்கிறதே, கடிகாரம் எதற்கு என்ற கேள்வியும் வரும். கணினியின் மின்கலம் தீரலாம், திரை அணையலாம்; அப்போது மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாவது சாட்சி வேண்டும் என்பதே என் பதில். அந்தச் சாட்சி எளியவர் கைக்கும் எட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதே 2023 செப்டம்பரில், தன் குழுமத்தைச் சேர்ந்த ஸ்வாட்சுடன் பிளாங்பான் வெளியிட்ட 'ஸ்கூபா ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' எளியவர் விலையை நோக்கித்தான் வந்தது. ஐந்து பெருங்கடல்களின் பெயரில் ஐந்து நிறங்கள். நம் இந்தியப் பெருங்கடலுக்குப் பச்சை. உள்ளே 51 உறுப்புகளால் ஆன தானியங்கி இயந்திரம். அதை வாங்க வரிசையில் நின்ற இளைஞர்களின் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த வடிவமைப்பு மேசையில் எந்த மூழ்குநரின் எந்தச் சிக்கல் வைக்கப்பட்டது என்று தேடினால், எனக்கு எதுவும் அகப்படவில்லை. அந்த உழைப்பில் ஒரு பங்கு, மூன்று மணிநேர முள்ளை மலிவான கூட்டுக்குள் கொண்டுவருவதற்குச் செலவிடப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பழைய சுவிஸ் நிறுவனம் ஒன்று என்னைப் போன்ற சாதாரண மூழ்குநரை அப்படியொரு மேசையில் உட்காரவைத்தால் என்ன கேட்பேன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாற்பது நிமிடம் நீரில் ஊறிச் சுருங்கிய விரல்களாலும், கையுறை அணிந்த விரல்களாலும் வழுக்காமல் திருப்பக்கூடிய வளையம் வேண்டும். ஆழத்தில் மூழ்குடை அழுத்தத்தால் மெலிந்துபோகும்போது மணிக்கட்டில் தளராமல், தானாக இறுகிக்கொள்ளும் பட்டை வேண்டும். நிமிட முள் மற்ற முள்களிலிருந்து வேறொரு நிறத்தில் ஒளிர வேண்டும். உள்ளூர்க் கடிகாரக் கடையில் பின்மூடியைத் திறந்து ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து, அடுத்த வாரமே கடலுக்குத் திருப்பி எடுத்துப்போகும்படி அது கட்டப்பட்டிருக்க வேண்டும். முகப்பில் என் பெயர் வேண்டாம்; அந்த இடத்தில் ஈரம் புகுந்தால் நிறம் மாறும் அந்தச் சிறிய வட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பேன்.